நவம்பரில் கவிழும் மயாமி: ரசிகர் கேள்விகளுக்குப் பதில்

மயாமி பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணி 2013-ல் 7-0 (ஏழு வெற்றி, தோல்வியே இல்லை), 2017-ல் 10-0, 2024-ல் 9-0 என்று ஓடிவிட்டு, மூன்று முறையும் கடைசியில் குப்புற விழுந்தது. ரசிகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

இது ஏதாவது சாபமா? நவம்பர் வந்தாலே ஏன் இப்படி?

சாபமெல்லாம் இல்லை. அக்டோபரில் தப்பித்த கடன்தான் நவம்பரில் வசூலாகிறது. 2017 அக்டோபரில் வரிசையாக நாலு வெற்றி: ஃப்ளோரிடா ஸ்டேட்டை 24-20, ஜார்ஜியா டெக்கை 25-24, சிரக்யூஸை 27-19, நார்த் கரோலினாவை 24-19. முதல் ஆட்டத்தில் 6 விநாடி மிச்சமிருக்கையில் மயாமி வீரர் டேரல் லாங்கம் டச்டவுன் (எதிரணியின் கோட்டைத் தாண்டி 6 புள்ளி எடுப்பது) போட்டார். அடுத்த வாரம் நாலாவது டவுன் (பந்தை முன்னேற்றக் கடைசி வாய்ப்பு), 10 கஜம் தேவை. எதிராளி கையில் பட்டு எகிறிய பந்து அதே லாங்கம் கையில் வந்து விழுந்தது. அங்கிருந்து ஃபீல்டு கோல் (பந்தை உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடித்துத்தான் ஜெயித்தார்கள். இந்த இரண்டில் ஒன்று பிசகியிருந்தாலும் 10-0 ஏது? பிறகு நோட்டர்டேமை 41-8 என்று நொறுக்கியதும் எல்லாரும் இதை மறந்துவிட்டார்கள். கடைசியில் மூன்று தோல்வி: பிட்ஸ்பர்க்கிடம் 14-24, கிளெம்சனிடம் 3-38, ஆரஞ்சு பவுலில் (வழக்கமான சீசன் முடிந்தபின் நடக்கும் சிறப்பு ஆட்டம்) விஸ்கான்சினிடம் 24-34.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? மனசைத் தயார்படுத்திக்கொள்ளலாமே.

உண்டு. ஒரு தாளில் நாலு கட்டம் போடுங்கள்: எத்தனை புள்ளி வித்தியாசம், எதிரணி எடுத்த புள்ளி, பந்தைப் பறித்தது எத்தனை, பறிகொடுத்தது எத்தனை. ஓரத்தில் காயம்பட்டவர்கள் பெயர். 8 புள்ளிக்குள் வந்த வெற்றியைச் சுற்றி வட்டம் போடுங்கள். ஒரே டச்டவுனில் கைமாறியிருக்கக்கூடிய ஆட்டம் அது. மூன்று வட்டம் சேர்ந்துவிட்டால் தோல்வி வாசலில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

2024 தாளைப் பாருங்கள். வர்ஜீனியா டெக் 38-34, கலிஃபோர்னியா 39-38, லூயிவில் 52-45. அடுத்தடுத்து மூன்று வட்டம். அதைவிட முக்கியம் இரண்டாவது கட்டம்: எதிரணிகள் எடுத்தது 34, 38, 45. கேம் வார்டு மாதிரி ஒரு குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) இருந்ததால் ஓட்டை டிஃபென்ஸ் (தடுப்பாட்டம்) மறைந்துகிடந்தது. ஜார்ஜியா டெக்கிடம் 23 புள்ளியோடு நின்றார்கள், 28 விட்டார்கள், தோற்றார்கள். சிரக்யூஸிடம் 21-0 முன்னிலை எடுத்தும் 38-42.

ஓரத்தில் எழுதிய காயப் பட்டியலை அலட்சியப்படுத்தாதீர்கள். 2013-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் ஆட்டத்தில் மயாமி வீரர் டியூக் ஜான்சனின் கணுக்கால் முறிந்தது. அந்தத் தோல்வியையும் சேர்த்து வரிசையாக மூன்று. சீசன் கடைசியில் மாற்று ஆட்டக்காரர்கள்தான் அணியின் உண்மையான தரத்தைக் காட்டுவார்கள்.

2017-ல் பந்தைப் பறித்தவர் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டார்களே, அந்தப் பலம் எங்கே போனது?

எதிரணி எறிந்த பந்தை நடுவில் பிடிக்கிற இன்டர்செப்ஷனில் திறமை உண்டு. ஃபம்பிளான, அதாவது கைநழுவி விழுந்த, பந்து யார் கைக்குப் போகும் என்பது கிட்டத்தட்ட பூவா தலையா. முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்குத் தெரியும்? அதை நம்பி ஜெயிக்கிற அணிக்கு ஏதோ ஒரு வாரம் பந்து எதிர்ப்பக்கம் உருளும்.

ஏசிசி (மயாமி ஆடும் கல்லூரி லீக்) இறுதி ஆட்டத்துக்கு சார்லட்டில் அறை எப்போது எடுப்பது? 2024-ல் பணம் போய்விட்டது.

அறையை அக்டோபரிலேயே எடுங்கள், ஆனால் ரத்து செய்தால் பணம் திரும்புகிற வகையில் மட்டும். ரத்துக்குக் கடைசி நாள், வழக்கமான சீசனின் கடைசி ஆட்டத்துக்குப் பிந்தியதா என்று தேதி பார்த்து உறுதிசெய்யுங்கள். 2024-ல் சிரக்யூஸ் ஆட்டம் நவம்பர் 30, இறுதி டிசம்பர் 7. மயாமி இடத்துக்கு கிளெம்சன் போனது. நுழைவுச்சீட்டும் விமானமும் இடம் உறுதியான பிறகுதான். ஆசையில் முன்பே வாங்குகிறவர்கள்தான் பாதி விலைக்கு விற்றுவிட்டு அழுகிறார்கள்.

என் கணவர் தோற்கிற ஆட்டத்தில் டிவி ரிமோட்டை உடைக்கிறார். என்ன செய்ய?

ரிமோட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து போன். ஸ்ட்ரீமிங் நேரடி ஒளிபரப்பைவிட அரை நிமிடம்கூடப் பின்தங்கி வரலாம். அதற்குள் நண்பர் குழுவில் "போச்சு" என்று செய்தி விழுந்துவிடும். கோபத்தில் பாதி அதனால்தான். ஆட்டம் தொடங்கும்போதே குழுவை மியூட் செய்யச் சொல்லுங்கள். மூன்றரை மணி நேரம் வெறும் வயிற்றில் பீர் குடித்தால் யாருக்கும் பொறுமை இருக்காது, இடைவேளைக்குள் சாப்பாடு போட்டுவிடுங்கள். தோற்றால் திங்கள் வரை ஸ்கோர் அலசல் எதையும் படிக்க வேண்டாம்.

பவுல் ஆட்டம் பார்க்கலாமா?

பொழுதுபோக்குக்குப் பார்க்கலாம், கணக்கில் சேர்க்காதீர்கள். 2024 பாப்டார்ட்ஸ் பவுலில் வார்டு இரண்டாம் பாதியில் இறங்கவில்லை. அயோவா ஸ்டேட் 42-41.

2025-ல் நோய் குணமாகிவிட்டதா?

டிஃபென்ஸ் பயிற்சியாளரை மாற்றினார்கள், கோரி ஹெதர்மன் வந்தார். வழக்கமான சீசனின் இரண்டு தோல்வியும் நவம்பர் 1-க்குள் முடிந்தன: லூயிவில், எஸ்எம்யூ (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்). அதன்பின் வழக்கமான சீசனின் கடைசி நாலு ஆட்டத்தில் எதிரணிகள் எடுத்தது 10, 7, 17, 7. தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் முதல் சுற்றில் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் எடுத்தது 3. அந்த இரண்டாவது கட்டத்தைத்தான் வரும் அக்டோபரிலும் முதலில் பாருங்கள்.