படகு டிரெய்லருக்குப் பட்டையா, ரப்பர் அச்சா, ஒன்றுமே வேண்டாமா?

தொண்டிப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: 24 அடி பைபர் படகுக்கு ஒற்றை அச்சில் டிரெய்லர் அடிக்கப் போகிறேன், பட்டை (அடுக்கடுக்கான இரும்புத் தகட்டு ஸ்பிரிங்) போடுவதா, ரப்பர் டார்ஷன் அச்சு வாங்குவதா, ஸ்பிரிங்கே இல்லாமல் அச்சைச் சட்டத்தோடு வெல்டு வைத்துவிடுவதா என்று. பட்டை போடுங்கள். ஆனால் எந்தப் பட்டை என்பதில்தான் நான் ஏமாந்தேன், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நான் தங்கச்சிமடம். வாடைக்காற்று அடிக்கும்போது வடகடலில் தொழில் பார்க்க முடியாது, படகைத் தென்கடலுக்குக் கொண்டுபோக வேண்டும், தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தொடங்கினால் திரும்ப வடக்கே. பாம்பனைச் சுற்றிக்கொண்டு போவதைவிட ரோட்டு வழி சுலபம் என்று ஏழு வருடம் முன்பு டிரெய்லர் செய்தேன். பழைய இரும்புக் கடையில் லாரிப் பட்டை ஒரு ஜோடி எடைக்கு வாங்கினேன், பக்கத்துக்கு ஒன்பது அடுக்கு. கனமாக இருந்தால் நல்லதுதானே என்ற நினைப்பு. பட்டறைக்காரத் தம்பி பார்த்ததுமே, "அண்ணே, இது பத்து டன் ஏத்துற வண்டிக்குப் போட்டது, ஒங்க படகு இதுக்குப் பஞ்சு மூட்டை" என்றான். நான் கேட்கவில்லை.

முதல் தடவை ஒரு சின்ன பைபர் வேலைக்காக உச்சிப்புளிப் பக்கம் கொண்டுபோனேன். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் டிரெய்லர் தூக்கித் தூக்கிப் போட்டது, பட்டை மடங்கவே இல்லை, அடி முழுக்கப் படகுக்குப் போனது. இறக்கிப் பார்த்தால் படகைத் தாங்கும் பின்பக்க ரோலர் உட்காரும் இடத்தில் முடி முடியாக ஆறேழு விரிசல். கையால் தடவினால் தெரியாது, ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெயிலில் காயும்போது பார்த்தால் மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் விரிசலில் மட்டும் கோடு கோடாக ஈரம் நிற்கும். சின்ன வேலைக்குப் போன படகு பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.

ஆகவே முதலில் எடை. எஞ்சின், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் வைத்து எடைமேடையில் ஏற்றுங்கள், என்னுடையது 1,400 கிலோ, சட்டம் தனி. படகை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவே டேப் பிடித்துப் பார்த்தேன், லாரிப் பட்டை அரை அங்குலம்கூட இறங்கவில்லை. அப்புறம் சின்ன சுமை வண்டியின் பட்டைக்கு மாற்றியதும் இரண்டு அங்குலம் இறங்கியது, ஆட்டம் நின்றது.

அடுத்தது உப்பு. அடுக்கு கூடக் கூட இடுக்கும் கூடும், மணலும் உப்புத் தண்ணீரும் உள்ளே தங்கி, துரு வளர்ந்து உப்பி அடுக்கையே பிளந்துவிடும். இரண்டு மூன்று தடித்த பட்டை மட்டும் உள்ள பாராபோலிக் வகை உங்கள் எடைக்குக் கிடைத்தால் விடாதீர்கள். அது நடுவிலும் நுனியிலும்தான் ஒன்றையொன்று தொடும், மற்ற இடத்தில் சந்து இருப்பதால் கழுவ வரும். ஷேக்கிளை, அதாவது பட்டையின் பின் நுனியைச் சட்டத்தோடு கோக்கும் ஆடுகிற கொண்டியை, மறந்துவிடாதீர்கள். பட்டை தாழும்போது நீளும், அந்த நீளத்துக்கு ஆடிக்கொடுக்கத்தான் பின்னால் ஷேக்கிள் இருக்கிறது. ஷேக்கிளைக் கோக்கும் ஆணி துருவில் இறுகிப்போனால் பட்டைக்கு நீள வழியில்லை, நுனியில் ஆணி நுழையும் வளையத்துக்குப் பக்கத்தில் ஒடியும். எனக்கு மெயின் பட்டை, அடுக்கிலேயே நீளமானது, அப்படித்தான் ஒடிந்தது, ஒரு சீசன் முழுக்கக் கிரீஸ் அடிக்காத சோம்பேறித்தனம். ஆனாலும் கட்டையை முட்டுக்கொடுத்துக் கயிற்றால் இறுக்கி ஊர் வந்து சேர்ந்தேன், மறுநாள் மதியத்துக்குள் வேறு பட்டை ஏறிவிட்டது. ஒடிந்த துண்டை அரிவாள் அடிக்க ஒரு கொல்லர் வாங்கிப் போனார், அதில் டீச்செலவு வந்தது.

ரப்பர் டார்ஷனை மோசம் என்று சொல்லமாட்டேன். சதுரக் குழாய்க்குள் இன்னொரு சதுரக் கம்பியை 45 டிகிரி திருப்பி வைத்து, நான்கு பக்க இடைவெளியிலும் ரப்பர் உருளையைத் திணித்திருப்பார்கள். சக்கரம் மேலே ஏறினால் கம்பி திரும்பி ரப்பரை நசுக்கும், அதுதான் ஸ்பிரிங். ஷேக்கிள் இல்லை, கிரீஸ் இல்லை, சத்தமே வராது, டிரெய்லரும் தாழ்வாக நிற்கும். கீழக்கரையில் என் மச்சான் மீன் பெட்டி ஏற்றும் டிரெய்லருக்கு அதைத்தான் போட்டிருக்கிறார், நன்றாக ஓடுகிறது. ஆனால் அவர் வண்டி கடலில் இறங்குவதில்லை, நம் வண்டி சக்கரம் முங்கும் வரை போகும். குழாய்க்குள் தண்ணீர் புகுந்து அரித்தால் வெளியே தெரியாது, ரப்பர் தளர்ந்தால் பட்டறையில் பிரித்து மாற்றவும் முடியாது, அச்சையே தூக்கிப்போட வேண்டியதுதான். வெளிநாட்டில் படகு டிரெய்லருக்கே இது ஓடுகிறதே என்று வீடியோ காட்டுவார்கள். சரி, அங்கே துத்தநாகப் பூச்சு ஏற்றிய அச்சு, கரையேறியதும் ஹோஸைத் திறந்து நல்ல தண்ணீரில் கழுவுகிறார்கள். நாம் குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு நிற்கிறோம்.

ஸ்பிரிங்கே வேண்டாம் என்பது கரையில் டிராக்டர் வைத்து ஏற்றி இறக்க மட்டும் என்றால் சரி, டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் மணலிலும் புதையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுவதாக இருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள், என் படகின் விரிசல் கதைதான்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஓடி வந்த சூட்டோடு டிரெய்லரைத் தண்ணீரில் இறக்காதீர்கள். சக்கரத்தின் நடுவே பேரிங் உட்காரும் ஹப்புக்குள் சூடான காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், சீல் வழியாகக் கடல் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், பேரிங் சீக்கிரமே போய்விடும். நான் கரைக்கு வந்ததும் ஒரு டீ குடித்துவிட்டு, ஹப்பில் கை வைத்துப் பார்த்து, சூடு ஆறியிருந்தால்தான் இறக்குவேன்.