சூரியனை ஆராய வேண்டும் என்கிறாளா உங்கள் மகள்?

வணக்கம் ஐயா. பிளஸ் டூ முடிக்கும் உங்கள் மகள் இயற்பியல்தான் படிப்பேன், சூரியனை ஆராய்வேன் என்கிறாள். வேலை கிடைக்குமா என்று கவலைப்படுகிறீர்கள். அவளை ஈர்த்தது எது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். அதைச் சூழ்ந்த வெளி வளிமண்டலமான கொரோனாவோ பத்து லட்சம் டிகிரியைத் தாண்டும். அங்குள்ள பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவை, காந்தப்புலம் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் புலம் முறுக்கேறி, ஒரு கட்டத்தில் அறுந்து வேறு விதமாக இணையும்போது நூறு கோடி டன் அளவிலான பிளாஸ்மாகூட விண்வெளியில் வீசப்படும். வீசிய இடத்தில் பொருள் குறைவதால், புறஊதாப் படங்களில் அந்தப் பகுதி சில மணி நேரம் இருண்டு கிடக்கும். பிறகு மெல்ல நிரம்பும். அந்த இருட்டின் பரப்பை அளந்து, வெளியேறிய பொருளின் அளவைக் கணிக்கிறார்கள். சில வெடிப்புகளுக்கு முன்பு கொரோனா மெல்ல வீங்குவதும் உண்டு. அதைக் கண்டு வெடிப்பை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் பெரிய கேள்வி. 1989 மார்ச்சில் இப்படி வீசப்பட்ட பிளாஸ்மா பூமியைத் தாக்கி எழுந்த காந்தப்புயலால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. எனவே இதை வீண் ஆசை என்று தள்ளிவிடாதீர்கள்.

பி.எஸ்சி. இயற்பியலில் சேரட்டும், கணிதத்தையும் பைத்தான் நிரலாக்கத்தையும் விடவே கூடாது. எம்.எஸ்சி.க்கு ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு, ஆய்வுப் படிப்புக்கு ஜெஸ்ட் (JEST), நெட் (NET), கேட் (GATE) தேர்வுகள். பெங்களூருவின் இந்திய வானியற்பியல் நிறுவனம், உதய்ப்பூர் சூரிய ஆய்வகம் போன்ற இடங்களில் உதவித்தொகையோடு ஆய்வு செய்யலாம். பொறியியல் வழியும் உண்டு: சூரியனை ஆராயும் இந்திய விண்கலமான ஆதித்யா எல்-1இன் திட்ட இயக்குநராக இருந்த, செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி, படித்தது மின்னணுவியல்.

நிரந்தர ஆய்வுப் பணியிடங்கள் குறைவு. அதை மறைக்க மாட்டேன். ஆய்வுப் பட்டம் பெறவே ஐந்தாண்டு ஆகலாம். ஆனால் படங்களிலிருந்து தகவலைப் பிரித்தெடுக்கக் கற்றவளுக்குத் தரவு அறிவியல், செயற்கைக்கோள் படங்களால் பூமியை ஆராயும் தொலையுணர்வு ஆகிய துறைகளிலும் இடம் உண்டு.

கல்லூரி விண்ணப்பத்துக்கு முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். 2024 மே மாதப் பெரும் காந்தப்புயலின்போது, வழக்கமாகத் துருவப் பகுதி வானில் தோன்றும் துருவ ஒளி லடாக்கின் ஹான்லேயிலும் தெரிந்தது. அந்த நாட்களின் சூரியப் படங்களை நாசா இலவசமாகத் தருகிறது. வெடிப்புக்கு முன்னும் பின்னும் கொரோனாவில் என்ன மாறியது என்று அவளே பார்த்து இரண்டு பக்கம் எழுதட்டும். எழுதி முடித்தபின் அடுத்த வெடிப்பைத் தேடுகிறாளா என்று மட்டும் கவனியுங்கள். தேடினால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.