உதவி அல்ல, கடன்

கேள்வி: எங்கள் பஞ்சாயத்தில் ரோடும் கட்டிடமும் உலக வங்கிப் பணத்தில் வந்தவை. வெளிநாட்டு உதவி இல்லையென்றால் கேரளத்தில் பஞ்சாயத்துகள் இவ்வளவு வளர்ந்திருக்குமா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: வளர்ந்திருக்கும். வளர்ந்தும் விட்டன, உலக வங்கி அந்தப் பணத்தோடு வருவதற்கு முன்பே.

1996-இல் முதல்வர் நாயனாரின் இடதுசாரி அரசு மக்கள் திட்டத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கே ஒதுக்கியது. முன்னாள் முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முன்நின்று நடத்திய இயக்கம் அது. வார்டு வார்டாகக் கிராமசபை கூடி, எது முதலில் வேண்டும் என்று மக்களே சொன்னார்கள். செலவானது நம் வரிப்பணம். உள்ளாட்சிச் சேவைகளுக்கான உலக வங்கித் திட்டம் வந்தது 2011-இல்தான். தொகை 20 கோடி டாலர். 978 கிராம பஞ்சாயத்துகளும் 60 நகராட்சிகளும் அதில் இருந்தன.

உதவி என்கிறீர்கள், அது கடன். திருப்பிக் கட்டும் சுமை மாநிலத்தின் தலையில், அதாவது உங்கள் தலையிலும்தான். ஆனாலும் அந்தத் திட்டத்தில் நல்லது ஒன்று இருந்தது. பணம் பஞ்சாயத்துக்கே போனது, எதற்குச் செலவழிப்பது என்பதைப் பஞ்சாயத்தே முடிவு செய்தது. பட்ஜெட்டை நேரத்துக்குப் போடு, கணக்கைத் தணிக்கைக்குக் கொடு என்ற நிபந்தனைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அவை நாமே கேட்டிருக்க வேண்டியவை.

என் கோபம் வேறு இடத்தில். 2000-இல் இதே வங்கியின் கடனில் ஜலநிதி குடிநீர்த் திட்டம் தொடங்கியது. முதலில் எடுத்த மாவட்டங்களில் நம் பாலக்காடும் ஒன்று. கட்டும் செலவில் ஒரு பங்கைப் பயனாளிகள் கொடுக்க வேண்டும், அப்புறம் பராமரிப்புச் செலவு முழுவதும் அவர்களுடையது. திட்டத்தை நடத்துவதும் பயனாளிகள் குழுதான். உங்கள் சித்தூர்த் தாலுகா பக்கம் மழை குறைவு, கோடையில் நிலத்தடி நீர் இறங்கிவிடும். மோட்டார் கருகினால் கூலிக்குப் போகும் குடும்பம் பங்குப் பணத்துக்கு எங்கே போகும்? மெம்பரைக் கேட்டால், 'குழுவிடம் கேளுங்கள்' என்று சொல்ல இடம் இருக்கிறது. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவரை விட்டுவிட்டு, ஓட்டில் தோற்கடிக்க முடியாத ஒரு குழுவின் கையில் தண்ணீரைக் கொடுப்பதை அதிகாரப் பரவல் என்று நான் ஏற்க மாட்டேன்.

அதனால் ரோட்டைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். எந்தக் கடன், என்ன நிபந்தனை, பராமரிப்பு யார் பொறுப்பு என்று கிராமசபையில் கேளுங்கள். 3 மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும், வார்டு வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் வர வேண்டும் என்கிறது கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம். மலையாளத்தில் அச்சிட்ட தாளை நீட்டினால், புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இங்குள்ள தமிழர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. எழுத்தில் கேளுங்கள். வரும் பதிலின் நகலை எங்களுக்கும் அனுப்புங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.