கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: ஏழு ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார். ஏசி போட்டாலே கரகரவென்று சத்தம் வந்தது. சில நாட்களில் குளிர்ச்சி அடியோடு நின்றுவிட்டது. கம்ப்ரசர் இறுகிப்போய்விட்டது என்கிறார் மெக்கானிக். ரீகண்டிஷன் செய்தது பாதி விலைக்குக் கிடைக்கும், அதை மாட்டி காஸ் நிரப்பினால் போதும் என்கிறார். நம்பலாமா?

பதில்: கம்ப்ரசர் போய்விட்டது என்பதை நம்பலாம், நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அதற்குப் பொருந்துகின்றன. ‘மாட்டி காஸ் நிரப்பினால் போதும்’ என்பதை மட்டும் நம்பாதீர்கள். புதிய கம்ப்ரசரும் சீக்கிரமே போவதற்கு அதுதான் நேர்வழி.

கரகர சத்தம் என்றால் உள்ளே உலோகத்தோடு உலோகம் உரசியிருக்கிறது. அந்தத் தூள் கம்ப்ரசருக்குள்ளேயே கிடப்பதில்லை. எண்ணெயோடும் காஸோடும் கலந்து, காஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர், காஸின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வு எல்லாவற்றிலும் போய்த் தங்கிவிடுகிறது. பழையதைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். குழாயின் வாயை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். துணியில் கருத்த எண்ணெயும் வெளிச்சத்தில் மினுக்கும் பொடியும் தெரிந்தால், கண்டென்சரையும் மாற்றத்தான் வேண்டும். கழுவிவிடலாம் என்பார்கள். இன்றைய கண்டென்சர்களின் தட்டைக் குழாய்களுக்குள் இருப்பவை மிக மெல்லிய துளைகள். கழுவும் திரவம் திறந்திருக்கும் துளை வழியே ஓடிவிடும். அடைத்த துளை அடைத்தபடியே இருக்கும். மற்றக் குழாய்களைக் கழுவலாம். ட்ரையரையும் வால்வையும் பேச்சே இல்லாமல் மாற்றுங்கள்.

ட்ரையர் மாற்றியதற்கான பில்லைப் பத்திரமாக வையுங்கள். அது இல்லாவிட்டால் வாரண்டி செல்லாது என்று பல கம்ப்ரசர் நிறுவனங்கள் பொடி எழுத்தில் போட்டிருக்கின்றன. பணம் கட்டுகிறவரிடம் இதை முன்கூட்டிச் சொல்ல ஒருவருக்கும் வாய் வருவதில்லை. இரண்டாவது கம்ப்ரசரும் போன பிறகுதான் அந்த வரியை எடுத்துக் காட்டுகிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

ரீகண்டிஷன் விஷயத்துக்கு வருகிறேன். வெளியே பெயிண்ட் பளபளப்பதால் உள்ளே எதுவும் புதிதாகிவிடாது. எந்த சீல், எந்த பேரிங் மாற்றப்பட்டது என்று எழுதிக் கொடுக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள். உங்கள் பழைய கம்ப்ரசரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை எடுத்துப்போக இடைத்தரகர் காட்டும் அவசரத்துக்குக் காரணம் உண்டு: துடைத்துப் பெயிண்ட் அடித்தால் அடுத்தவருக்கு அதுதான் ‘ரீகண்டிஷன்’.

இன்னொன்று. இதற்குமுன் அடிக்கடி காஸ் நிரப்பினீர்களா? காஸ் பெட்ரோலைப்போல எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவோடு எண்ணெயும் வெளியேறும். காஸ் குறைந்தால் மிச்ச எண்ணெயும் கம்ப்ரசருக்குச் சரியாகத் திரும்பி வராது. ‘டாப்-அப்’ என்ற பெயரில் கசிவைத் தேடாமல் நிரப்பிக்கொண்டே இருப்பவர்கள்தான் பல கம்ப்ரசர்களைக் கொல்கிறார்கள். கசிவை அடைக்கும் மருந்து என்று டப்பாவை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய காஸை மெஷினில் இழுத்துச் சேகரிக்க வேண்டும், காற்றில் திறந்துவிடக் கூடாது. பல கார் ஏசிகளில் இருக்கும் ஆர்-134ஏ என்ற காஸ் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலிமையானது. இது தெரியாதவர்கள்கூட ஏசி மெக்கானிக் என்று பலகை மாட்டிக்கொள்ள முடிகிறது!

உங்களுடையது பெட்ரோல் கார்தான். ஆனாலும் இதைப் படிக்கும் ஹைபிரிட், மின்சாரக் கார்காரர்களுக்காக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அவற்றில் பெரும்பாலும் கம்ப்ரசர் பெல்ட்டில் ஓடாது. உயர் மின்னழுத்தத்தில் ஓடும். ஆரஞ்சு நிறக் கேபிள் தெரிந்தால் சாதாரணப் பட்டறையில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். எண்ணெயும் வேறு. பெல்ட் கம்ப்ரசர்களுக்கு ஊற்றும் பிஏஜி எண்ணெய் அதில் சிறிதளவு கலந்தாலும் மின்காப்பு குறைந்துவிடும். மின்கசிவு என்று எடுத்துக்கொண்டு வண்டி கிளம்பவே மறுக்கலாம். முந்தைய காரில் பயன்படுத்திய குழாயையும் மெஷினையும் அப்படியே மாட்டினாலே கலந்துவிடும். இதற்கென்று தனி மெஷின் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு வண்டியைக் கொடுங்கள்.

உங்கள் காருக்கு வருவோம். பாகங்களைப் பொருத்திய பின், உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் பம்ப் குறைந்தது அரை மணி நேரம் ஓட வேண்டும். பம்பை நிறுத்தியதும் கேஜ் முள் நகராமல் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். நகர்ந்தால் கசிவு இன்னும் இருக்கிறது. காஸ் நிரப்ப விடாதீர்கள். எத்தனை கிராம் காஸ் என்பது பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். குழாயைத் தொட்டுப் பார்த்து ‘ஜில்லென்று இருக்கிறது’ என்று நிரப்புவது அளவல்ல, எடை போட்டுத்தான் நிரப்ப வேண்டும். எண்ணெயின் தரமும் அளவும் கம்ப்ரசரோடு வரும் தாளில் இருக்கும். அதை மெக்கானிக் படித்தாரா என்று கேளுங்கள். காஸ் ஏற்றியதும், இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் கம்ப்ரசரின் முன்தட்டைக் கையால் பத்துச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். முதல் சில நிமிடங்கள் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஐடிலிங்கிலேயே ஏசி ஓடட்டும்.