ஆஸ்திரேலிய அவுட்பேக்கில் (உள்நாட்டு வறண்ட நிலப்பரப்பில்) ஆளில்லாத இடத்தில் பழைய தந்தி நிலையங்கள் ஏன்?

தெற்கே அடிலெய்டிலிருந்து வடக்கே டார்வினுக்குக் காரில் போகிறவர்கள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், பாரோ கிரீக், டென்னன்ட் கிரீக்கில் பார்க்கும் பழைய கல் கட்டடங்கள், வந்த தந்தியை வாங்கி மறுபடி அனுப்பிய நிலையங்கள். 1872இல் கண்டத்தின் குறுக்கே சுமார் 3,200 கி.மீ. தந்திக் கம்பி இழுத்து முடித்தார்கள். தூரம் போகப் போக மின்சாரம் வலுவிழந்துவிடும். அதனால் 200, 300 கி.மீ.க்கு ஒருவர் உட்கார்ந்து, 'டக் டக்' ஒலியைக் காதால் கேட்டு, புது பேட்டரி வலுவில் அடுத்த நிலையத்துக்குத் தட்டினார். தீயணைக்க வரிசையாக நின்று வாளி கைமாற்றுவோமே, அதேதான். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் மட்டுமாவது இறங்கி, அந்தக் கல் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

அப்புறம், 'ஸ்பிரிங்ஸ்' (ஊற்றுகள்) என்ற பெயரை வைத்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஊற்று இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது டாட் ஆற்றுப் படுகையில் தேங்கும் நீர்க்குட்டைதான்.