வீட்டு கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று ஹேங் ஆகிறது, ஃபார்மட் போட்டும் சரியாகவில்லை. கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஐந்தாறு வருடமான அசெம்பிள்டு டெஸ்க்டாப், விண்டோஸ் 10. ஒரு நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது, மறுநாள் சும்மா பாட்டு கேட்கும்போதே அப்படியே நின்றுவிடுகிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் அணைகிறது. கடையில் ஃபார்மட் போட்டுக் கொடுத்தார்கள், சில நாளில் பழைய கதைதான்.

முதல் வேலை, போட்டோ, சான்றிதழ் ஸ்கேன், கணக்கு எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் எடுத்து வைத்துவிடுங்கள். ஹேங் ஆவதற்கு ஹார்ட் டிஸ்க்கே காரணமாக இருக்கலாம். அப்படியானால் நாம் சோதித்துக்கொண்டிருக்கும்போதே அது போய்விடக்கூடும்.

ஃபார்மட் போட்டும் சரியாகவில்லை என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. புதிதாகப் போட்ட விண்டோஸும் அதே மாதிரி நிற்கிறது என்றால் சந்தேகம் பெட்டிக்குள் இருக்கும் பொருள்கள் மேல்தான் போக வேண்டும். ஒவ்வொரு பொருளையும் விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவரின் கோளாறுக்கும் கொஞ்சம் இடம் உண்டு. இன்னொரு முறை ஃபார்மட் போடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். ஹேங் என்றதும் ஃபார்மட்டில் கை வைக்கும் பழக்கத்தால் எத்தனையோ வீடுகளில் குழந்தைகளின் போட்டோ போனதுதான் மிச்சம்.

அடுத்த முறை நின்றதும் பவர் பட்டனுக்குப் போகாதீர்கள். இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். மவுஸ் நகர்கிறதா? கீபோர்டில் கேப்ஸ் லாக் அழுத்தினால் விளக்கு மாறுகிறதா? கேபினெட்டின் முன்பக்கம் டிஸ்க் விளக்கு மின்னுகிறதா, அணைந்திருக்கிறதா, அசையாமல் எரிந்துகொண்டே இருக்கிறதா? பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அது தொடர்கிறதா, நின்றுவிட்டதா, ஒரே சத்தம் 'ட்ர்ர்ர்' என்று திரும்பத் திரும்ப வருகிறதா? கடை டேபிளில் இதைப் பார்க்க முடியாது, ஏனென்றால் அங்கே அது ஹேங் ஆகாது. உங்களால்தான் முடியும்.

படம் மட்டும் உறைந்து, பாட்டு தொடர்ந்து, கேப்ஸ் லாக் விளக்கும் மாறினால் கிராஃபிக்ஸ் பக்கம் பாருங்கள். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி (B) அழுத்தினால் விண்டோஸ் கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி தொடங்கும். திரை ஒரு தரம் கறுத்து, ஒரு பீப் வந்து, படம் திரும்பினால் டிரைவரை முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டுப் பார்க்கலாம்.

மவுஸ் நகர்கிறது, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் திறக்கவில்லை, டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறது, ஒரு நிமிடத்தில் தானாகவே மீண்டுவிடுகிறது என்றால் டிஸ்க் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். மவுஸ் அம்புக்குத் தேவையானது ரேம் என்ற தற்காலிக நினைவகத்திலேயே இருப்பதால் அது நகரும். புதிதாக எதைத் திறப்பதற்கும் டிஸ்க் வேண்டும். விண்டோஸ் கேட்டுவிட்டுக் காத்திருக்கும், பொறுத்துப் பார்த்து டிஸ்க்கை ரீசெட் செய்யும், மறுபடி கேட்கும்.

எங்கள் அக்கா வீட்டு கம்ப்யூட்டர் இதே மாதிரிதான் நின்றுகொண்டிருந்தது. டிஸ்க் போச்சு, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். அதில் 05, சி5, சி6 என்ற வரிகள்தான் டிஸ்க்கின் தட்டு கெட்டுப்போவதைச் சொல்பவை. அவை மூன்றும் பூஜ்யம். சி7 மட்டும் பெரிய எண்ணாக இருந்தது. ஒவ்வொரு முறை ஹேங் ஆன பிறகும் அது இன்னும் கூடியது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்து போகிறது என்பதைத்தான் அந்த வரி எண்ணுகிறது. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சிவப்பு சாட்டா கேபிள் பிளக்கை ஒட்டியே நன்றாக மடங்கி, தகட்டால் நசுங்கிக் கிடந்தது. கேபிளை மாற்றி, மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகினேன். அதோடு ஹேங் ஆவது நின்றுவிட்டது. கேபிள் மாற்றினாலும் சி7 எண் குறையாது, அது பழைய கணக்கு. இனி கூடாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதே டிஸ்க் இன்றைக்கும் ஓடுகிறது. உங்களுடையதில் 05, சி5 வரிகளில் எண் ஏறிக்கொண்டிருந்தால் கதை வேறு. அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள், சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்கான எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கிவிடுங்கள்.

விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பையும் படியுங்கள். ஸ்டார்ட்டில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். அங்கே 'கர்னல் பவர் 41' என்று சிவப்பாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நேராகப் போய் எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) வாங்குபவர்கள் நிறையப் பேர். போன முறை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பது மட்டும்தான் அந்த 41 சொல்வது. நீங்கள் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அது வரும். அதற்கு முந்தைய சில நிமிடங்களில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 7, 129, 153 என்ற எண்கள் இருந்தால் டிஸ்க் அல்லது அதன் கேபிள். டபிள்யூ.ஹெச்.இ.ஏ. லாகர் (WHEA-Logger) என்று இருந்தால் பிராசஸர், ரேம், மதர்போர்டு வட்டாரம். எதுவுமே எழுதாமல் நின்றிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எழுதுவதற்குள் எல்லாமே உறைந்துபோயிருக்கும்.

அப்படி எல்லாம் ஒரே நொடியில் கல்லாகி, கேப்ஸ் லாக் விளக்கும் மாறாமல், 'ட்ர்ர்ர்' சத்தமும் வருவதுதான் கஷ்டமான ரகம். ரேம், எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு, சூடு என்று நாலு பேர் மேலும் சந்தேகம் வரும். இதற்கு எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. ஒரு பென்டிரைவில் உபுண்டுவை (விண்டோஸ் மாதிரியே இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம், இலவசம்) ஏற்றி, டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, பென்டிரைவிலிருந்தே பூட் செய்து, இன்ஸ்டால் செய்யாமல் 'டிரை' கொடுத்து ஓட்டுங்கள். யூடியூபில் வீடியோ ஓடட்டும். அங்கேயும் உறைந்தால் விண்டோஸும் இல்லை, டிஸ்க்கும் இல்லை. சண்டை தீர்ந்தது. உறையவில்லை என்றால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். வழக்கமாக எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை நிற்குமோ, அதைவிடக் கூடுதலாக ஓட விட வேண்டும்.

ரேமுக்கு, ராத்திரி படுக்கப் போகும்போது மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளைப் போட்டு விடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், பரவாயில்லை என்று விடக் கூடாது. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டுங்கள். ரேமின் தங்க நிற விளிம்பை பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர் மெக்கானிக்குகளின் வேலைதான் என்றாலும் நிஜமாகவே பலன் கொடுக்கும். தேய்த்தபின் ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் விழாமல் துடைத்துவிடுங்கள். கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒரு தரம் அழுத்திவிட வேண்டும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. ஆன் செய்திருந்தால் அணைத்துவிட்டுப் பாருங்கள். சில ரேம் அந்த வேகத்தில் தடுமாறும்.

சூடு என்றால் பெரும்பாலும் மெதுவாகும், இல்லாவிட்டால் பட்டென்று அணைந்துவிடும். உறைவது குறைவு. ஆனால் இன்டெல் பிராசஸரோடு பெட்டியில் வரும் கூலருக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள் உண்டு. அதில் ஒன்று நழுவியிருக்கிறதா என்று கட்டாயம் அசைத்துப் பாருங்கள். தூசியை பிளோயரால் ஊதும்போது விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் மென்பொருள் காட்டும் வோல்டேஜை நம்ப வேண்டாம். மல்டிமீட்டர் இருந்தால், கம்ப்யூட்டர் ஓடும்போது எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும், நான்கு ஒயர் கொண்ட மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சள் ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீட்டரில் சரியாகக் காட்டிவிட்டு பாரம் ஏறும்போது மட்டும் சரிகிற எஸ்.எம்.பி.எஸ்.களும் உண்டு. அதனால் தெரிந்தவரிடம் நல்லது ஒன்றை இரண்டு நாள் இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் உறுதியான வழி. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கபாசிட்டரில் மின்சாரம் இருக்கும்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேமையும் கேபிளையும் ஒன்றாக மாற்றிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும். கடைசியில் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், வெறுமனே ஹேங் ஆகிறது என்று சொல்லி இறக்கி வைக்காதீர்கள். 'உபுண்டுவிலும் நிற்கிறது, மெம்டெஸ்ட் சுத்தமாக இருக்கிறது, எஸ்.எம்.பி.எஸ். மாற்றி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், ஃபார்மட் போட வேண்டாம்' என்று ஒரு தாளில் எழுதி கேபினெட் மேலேயே ஒட்டிக் கொடுங்கள்.