கிளியா செல்கள் நெய்யும் பின்னல்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மூளையில் நியூரான் என்ற நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா செல்கள் என்றாலே பசை என்றுதான் படித்தோம். இடத்தை அடைப்பதைத் தவிர அவை சுரக்கும் புரதங்களுக்கு வேறு வேலை உண்டா, மேடம்?

பசை என்ற பொருளில் அந்தப் பெயரை 1856-இல் வைத்தவர் ருடால்ஃப் ஃபிர்ஹோ. பெயர் நிலைத்துவிட்டது, அதோடு தவறான எண்ணமும். மூளையின் கன அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு செல்களுக்கு வெளியே இருக்கும் இடம். அது காலியாக இல்லை. ஹையலூரோனன் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலிகள், அவற்றில் தொற்றிக்கொண்டிருக்கும் பிரெவிகன், நியூரோகன், வெர்சிகன், அக்ரிகன், இவற்றை முடிச்சுப் போடும் டெனாஸ்சின் என்று ஒரு பின்னலே அங்கே இருக்கிறது. தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன், ரத்தக் குழாய் ஓரங்களையும் மூளை உறைகளையும் விட்டால் மிகக் குறைவு. மூளை மெத்தென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு நியூரான்கள் செய்தி பரிமாறும் சந்திப்பான சினாப்ஸ் எங்கே முளைக்கலாம், எது நிலைக்கலாம் என்பதில் இந்தப் பின்னலுக்கும் பங்கு உண்டு.

சினாப்ஸை உண்டாக்குவது நியூரான்தானே? கிளியா வகைகளில் ஒன்றான ஆஸ்ட்ரோசைட் அதில் எங்கே வருகிறது?

நான் இந்தத் துறைக்கு வந்ததே இந்தக் கேள்வியால்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எலியின் விழித்திரையிலிருந்து நியூரான்களை மட்டும் பிரித்துத் தட்டில் வளர்த்தால், உயிரோடு இருக்கும், கிளையும் விடும். சினாப்ஸ் மட்டும் சொற்பமாகவே இருக்கும். ஆஸ்ட்ரோசைட்டுகள் வளர்ந்த திரவத்தை எடுத்து ஊற்றினால் எண்ணிக்கை பல மடங்கு ஏறிவிடும். ஆஸ்ட்ரோசைட்டைச் சேர்க்கக்கூட வேண்டாம், அது சுரந்து விட்டதே போதும்.

அந்தத் திரவத்தில் இருப்பது என்ன என்று ஸ்டான்ஃபோர்டில் பென் பாரெஸ் குழு தேடியது. 2005-இல் கிடைத்த விடை திராம்போஸ்பாண்டின் என்ற புரதம். இதில் என்னை இன்றும் வியக்க வைக்கும் ஒன்று உண்டு. திராம்போஸ்பாண்டின் மட்டும் கிடைத்த சினாப்ஸ், பார்ப்பதற்கு முழுமையாக இருக்கும். அனுப்பும் பக்கம் வேலையும் செய்யும். வாங்கும் பக்கம் ஊமை, வரும் செய்தியைப் பிடிக்கும் ஆம்பா ஏற்பிகள் அங்கே செயல்படும் நிலையில் இருக்காது. அவற்றைக் கொண்டுவந்து சேர்க்கும் கிளைபிகன் 4, கிளைபிகன் 6 என்ற புரதங்களை அதே ஆய்வகம் 2012-இல் காட்டியது. அவற்றையும் ஆஸ்ட்ரோசைட்தான் சுரக்கிறது. இதற்கிடையே 2011-இல் ஹெவின், ஸ்பார்க் என்று ஆஸ்ட்ரோசைட் சுரக்கும் இன்னொரு புரத ஜோடி தெரியவந்தது. ஹெவின் சினாப்ஸ் உருவாகத் தூண்டும், ஸ்பார்க் ஹெவினுக்குத் தடை போடும். முடுக்கவும் நிறுத்தவும் ஒரே செல்லிடம் சரக்கு இருக்கிறது.

டெனாஸ்சின் சி, டெனாஸ்சின் ஆர், சுருக்கமாக வேறுபாடு?

சி: மூளை வளரும் பருவத்தில் நிறைய, பிறகு அடங்கிவிடும், காயத்திலும் கிளியா கட்டிகளிலும் மறுபடி தலைதூக்கும். ஆர்: முதிர்ந்த மூளைக்குரியது, பெரும்பாலும் ஒலிகோடென்ட்ரோசைட் என்ற இன்னொரு வகைக் கிளியா செல் தருவது.

சில நியூரான்களைச் சுற்றி இந்தப் பின்னல் வலை போல இறுகியிருக்கிறதே, அதை முழுக்க கிளியாவே பின்னுகிறதா?

இல்லை. அந்த நியூரானும் சேர்ந்தே பின்னுகிறது. அக்ரிகனும் இணைப்புப் புரதமும் பெரும்பாலும் நியூரானிடமிருந்து வரும். பிரெவிகன், நியூரோகன், டெனாஸ்சின் ஆர் ஆகியவற்றில் கிளியாவின் பங்கு பெரிது.

விஸ்டீரியா கொடியின் விதையில் எடுக்கும் லெக்டினை, அதாவது சர்க்கரைச் சங்கிலியில் ஒட்டிக்கொள்ளும் புரதத்தை, மூளைச் சீவலில் ஊற்றி, ஒளிரும் சாயம் சேர்த்து மைக்ரோஸ்கோப்பில் ஒருமுறை பாருங்கள். செல் உடலைச் சுற்றியும் கிளைகளின் அடிப்பகுதி வரையிலும் தேன்கூடு போன்ற உறை தெரியும். ஒவ்வொரு துளையிலும் ஒரு சினாப்ஸ் உட்கார்ந்திருக்கும். 2002-இல் வளர்ந்த எலிகளின் பார்வைப் புறணியில் இந்தப் பின்னலை நொதியால் கரைத்தார்கள். ஒரு கண்ணை மூடினால் மறு கண்ணுக்கு இணைப்புகள் சாயும் அந்த இளம்பருவ நெகிழ்ச்சி திரும்ப வந்தது.

அப்பாவுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு ஏழு மாதமாகிறது. வடுவைக் கரைக்கும் மருந்து இருக்கிறதாமே, அக்கா?

படித்ததும் மனது கனத்தது, தம்பி. நீங்கள் கேள்விப்பட்டது காண்ட்ராய்டினேஸ் ஏபிசி. ஒரு பாக்டீரியாவின் நொதி அது. பின்னல் புரதங்களில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிதான் காண்ட்ராய்டின் சல்ஃபேட்; வடுவில் அது நரம்பிழை வளர்வதைத் தடுக்கிறது. அதை வெட்டியபோது எலிகளுக்கு நடை ஓரளவு மீண்டதாக 2002-இல் வந்த ஆய்வு சொன்னது. ஆனால் உடல் சூட்டில் அந்த நொதி சில நாட்களில் வலுவிழந்துவிடும். வடு முழுக்கத் தீமை என்பதும் சரியில்லை. 2016-இல் சுண்டெலிகளில் வடு உண்டாக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகளைத் தடுத்துப் பார்த்தார்கள், நரம்பிழை வளரவில்லை. வடு அழற்சி பரவாமல் காக்கவும் செய்கிறது. முதுகுத்தண்டு வடுவைக் கரைக்க மனிதருக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. ஊசி போடுகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அப்பாவின் பிசியோதெரபியை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

மூட்டுவலிக்குக் காண்ட்ராய்டின் மாத்திரை எடுக்கிறேன். மூளைப் பின்னல் இறுகிவிடுமா?

பயப்பட வேண்டாம். மூளை தனக்கு வேண்டியதைத் தானே, அந்தந்தப் புரதத்தின் மீதே கோத்துச் செய்துகொள்கிறது.

பின்னிய பின்னல் அப்படியே கிடக்குமா?

கிடக்காது. மைக்ரோகிளியா என்ற துப்புரவு வேலை செய்யும் கிளியா செல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று இடம் விடுகிறது. சுண்டெலியின் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் நியூரானே இன்டர்லூக்கின் 33 என்ற சைகையை அனுப்பி மைக்ரோகிளியாவை அழைப்பதை 2020-இல் காட்டினார்கள். சைகையை நிறுத்தினால் பின்னல் மண்டுகிறது, நியூரானின் கிளைகளில் சினாப்ஸ் அமரும் புதிய முட்கள் முளைப்பது குறைகிறது. பல நாள் கழித்து அந்தச் சுண்டெலிக்குப் பயந்த இடம் எது, பயமில்லாத இடம் எது என்று சரியாகப் பிரித்தறியத் தெரிவதில்லை.